சமய வகுப்புக்கு எந்தக் கார்ட்டூன்? செட்டிநாட்டு ஊர்களுக்கு ஓர் ஒப்பீடு

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், திருப்பத்தூர்ப் பக்கம் பல இடங்களில் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு தொடங்கிவிடும். கோயிலில் தேவார வகுப்பு, கிறித்தவப் பங்கில் விடுமுறை விவிலிய வகுப்பு, பள்ளிவாசலில் மக்தப் என்னும் மார்க்க வகுப்பு. எங்கே நடந்தாலும் பொறுப்பாளர்கள் கூடிப் பேசும்போது கேட்பது ஒன்றுதான்: புரொஜெக்டர் இருக்கிறது, எந்தப் படத்தைப் போடலாம்? இணையத்தில் கிடைப்பதையே காட்டலாமா, அதற்கு நம் தமிழில் குரல் கொடுக்கலாமா, ஸ்டூடியோவில் சொல்லிச் செய்யலாமா, நாமே எடுக்கலாமா?

பெரும்பாலும் செலவையும் நேரத்தையும் பார்த்தே முடிவு எடுக்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன்னைப் போன்ற ஆளைத் திரையில் எந்த வேடத்தில் பார்க்கப்போகிறது?

சந்தையில் உள்ள பக்திக் கார்ட்டூன்களில் அசுரனுக்கென்று ஓர் அச்சு இருக்கிறது. கறுத்த மேனி, உருட்டு விழி, முறுக்கு மீசை, கையில் ஆயுதம், அடித்தொண்டைக் குரல். அதே கறுப்பு, அதே மீசை, கையில் அரிவாளோடு நம் ஊர் எல்லையில் நிற்பவர் கருப்பர். வெள்ளிக்கிழமை அந்தச் சாமியைக் கும்பிட்டுவிட்டு வரும் பிள்ளைக்குச் சனிக்கிழமை வகுப்பில் அந்த உருவத்தையே கொல்லப்பட வேண்டியவனாகக் காட்டுகிறோம். பிள்ளையார்பட்டிக் குடைவரைக் கற்பகமூர்த்தி முதல் கருவறைக்குக் கருவறை கருங்கல் மேனியாக நிற்கும் சாமிகள் திரைக்கு வந்தால் ரோஜா நிறமாகிவிடுகிறார்கள். 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மா அச்சகத்தின் படங்கள் செட்டிநாட்டு வளவுகளில் (வீட்டு உள்முற்றங்களில்) கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியவை. இன்றும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும். அந்த அச்சுப் படங்களின் சிவந்த முகங்கள்தான் காலண்டர் வழியாகக் கார்ட்டூன் வரை வந்திருக்கின்றன.

சாமியின் நிறத்தை நாம் இஷ்டத்துக்கு மாற்றச் சொல்லவில்லை. சிவன் பவள நிறம், திருமால் கார்மேக நிறம், காளி கறுப்பு என்று பாட்டே சொல்லிவைத்திருக்கிறது. கண்ணனை வெளிர்நீலமாக வரைவதுதான் மாற்றம். கார்மேகம் வெளிர்நீலமாக இருப்பதில்லை. ஆனால் கதையில் வரும் மனிதர்களில் பெரும்பாலோருக்குப் பாட்டு நிறம் சொல்வதில்லை. அங்கே வரைபவர் கை போன போக்குதான் சட்டமாக இருக்கிறது.

மூன்று முறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

எந்தப் படமானாலும் வகுப்பில் போடும் முன் இருவர் உட்கார்ந்து மூன்று முறை ஓட்டுங்கள். இருபது நிமிடப் படத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும்.

முதல் முறை ஒலியை அணைத்துவிடுங்கள். கதை தெரியாத ஒருவர் நிறத்தையும் உடம்பையும் மட்டும் வைத்துக் கெட்டவர் யார் என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் அந்தப் படம் தோற்றத்தையே குற்றமாக்குகிறது. பருமனான உடம்பு, தெத்துப்பல், ஊனம் எல்லாம் இதில் சேரும்.

இரண்டாம் முறை திரையை மூடிவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். சாமியும் அரசனும் செந்தமிழ், நாயகன் பாடநூல் தமிழ், வேலைக்காரனும் திருடனும் மதுரை, இராமநாதபுரப் பேச்சு என்று பிரித்திருப்பார்கள். நம் பிள்ளைகள் வீட்டில் பேசும் தமிழ் சிரிப்புக்கு மட்டும் பயன்படுகிறதா என்பது இதில் தெரிந்துவிடும்.

மூன்றாம் முறை தாளும் பென்சிலும். பெயர் உள்ள பாத்திரம் எத்தனை, அதில் பெண் எத்தனை, அந்தப் பெண்கள் அழுவதும் சோறு போடுவதும் தவிர வேறென்ன செய்கிறார்கள் என்று கோடு போட்டுக்கொண்டே பாருங்கள். அறுபத்துமூவரில் பெண்கள் காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் மூவர்தான் என்பது உண்மை. அதனால் மற்ற அறுபது கதைகளிலும் பெண்கள் ஊமையாக நிற்க வேண்டும் என்று ஆகாது. திருநீலகண்டர் கதையே அவர் மனைவி சொன்ன ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

இருப்பதைக் காட்டுவது

செலவில்லை, இன்றே ஆகும். உங்களால் மாற்றக்கூடியது மட்டும் எதுவும் இல்லை. எந்தப் படம், எங்கே நிறுத்துவது, முன்னும் பின்னும் என்ன பேசுவது, இவைதான் உங்கள் கையில்.

உரிமை விஷயத்தில் பலரும் தவறாக எண்ணுவது உண்டு: 'கோயில் காரியம்தானே, காசு வாங்கவில்லையே.' 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சமயச் சடங்கின்போது பாட்டு, நாடகம், ஒலிப்பதிவு ஆகியவற்றுக்கு விலக்குத் தருகிறது. அந்த வரியில் திரைப்படம் இல்லை. கல்வி நிறுவனத்துக்கான விலக்கில் திரைப்படம் உண்டு, ஆனால் பார்ப்பவர்கள் அந்த நிறுவனத்தின் ஆசிரியர், மாணவர், பெற்றோர், தொடர்புடையோர் என்ற வட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஆகவே பள்ளிக்கூடத்துக்குள் போடுவதும் கோயில் மண்டபத்தில் ஊரைக் கூட்டிப் போடுவதும் ஒன்றல்ல. யூடியூப்பின் விதியும் தனிப்பட்ட பார்வைக்குத்தான் இடம் தருகிறது. படம் எடுத்தவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது. சிறிய சேனல்காரர்கள் பெரும்பாலும் சரி என்பார்கள். கோப்பாகவே கேட்டு வாங்கினால் நடுவில் விளம்பரம் வராது. திரையில் தண்டியடிகள் நாயனார் குளம் தோண்டும்போது ஏதோ ஒரு செயலி விளம்பரம் குறுக்கே பாய்வதை இப்படித் தவிர்க்கலாம்.

தேர்ந்தெடுக்கும்போது சாமியைவிடப் பக்கத்து வீட்டைப் பாருங்கள். மலேசியாவில் 2007இல் நோன்பு மாதத்துக்காகத் தொடங்கிய 'உப்பின் அண்ட் இப்பின்' இதற்கு நல்ல மாதிரி. நோன்பு பற்றிய கதை, மலாய்ச் சிறுவர்கள் இருவர். ஆனால் அவர்கள் கூட்டத்தில் சீனப் பெண் பிள்ளை உண்டு, சீக்கியச் சிறுவன் உண்டு, கடை வைத்திருக்கும் முத்து மாமா உண்டு. சமயம் ஒன்றாக இருந்தும் தெரு ஒன்றாக இல்லை. மலேயாவில் கொண்டுவிற்ற குடும்பங்கள் நிறைந்த நம் பக்கத்துக்கு இந்த முறை புதிதும் அல்ல. வளைகுடாவிலிருந்து வரும் இசுலாமியக் கார்ட்டூன்களில் எல்லாரும் ஜுப்பாவிலேயே நடமாடுவார்கள். கைலி கட்டிய தன் அத்தாவை (அப்பாவை)த் திரையில் காணாத பிள்ளை, மார்க்கம் என்பது வேறு ஊர் உடுப்பு என்று எண்ணிக்கொள்ளும்.

வெளிநாட்டு விவிலியப் படங்களில் நீலக் கண்ணும் பொன்னிற முடியும் கொண்ட இயேசு வருவார். கலிலேயாவில் வளர்ந்த யூதர் ஒருவருக்கு அது பொருந்தாது. கோதுமை நிறம், கருமுடி, கருவிழியோடு வரைந்த படங்களும் இப்போது கிடைக்கின்றன. முதலில் அவற்றைத் தேடுங்கள். அவரைத் தமிழராக வரைவது இன்னொரு வழி. பாட்டுக்கும் நாடகத்துக்கும் அது அழகு. வரலாறும் வரைபடமும் சேர்த்து நடத்தும் வகுப்பில் குழப்பம் தரும்.

குரல் மாற்றுவது

கேட்க எளிதாக இருக்கும், செய்யத் தொல்லை. டப்பிங்கில் மாறுவது பேச்சு மட்டுமே. நிறம், உடுப்பு, கூட்டம் எல்லாம் அப்படியே இருக்கும். பேச்சுதான் குறை என்றால் இந்த வழி சரி, உருவம் குறை என்றால் வீண் உழைப்பு.

உரிமையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது இசையும் ஒலிகளும் மட்டும் உள்ள தனி ட்ராக். துறையில் இதை எம் அண்ட் இ என்பார்கள். அது இல்லையென்றால் பழைய குரலை நீக்கும்போது மழை, மணி, காலடி, பின்னணி இசை எல்லாம் சேர்ந்து போய்விடும். இருபது நிமிடத்துக்கும் ஒலியைப் புதிதாகக் கட்ட வேண்டும். ட்ராக் தர முடியாது என்று பதில் வந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஆங்கிலத்தில் இரண்டு அசையில் முடிவது தமிழில் ஆறு அசை ஆகும். மொழிபெயர்த்ததை வாய்க்குள் திணித்தால் எல்லாரும் அவசரமாகப் பேசுவதுபோல் இருக்கும். வாக்கியத்தை மறந்துவிட்டு, வாய் திறந்து மூடும் நேரத்துக்குள் நம் வீட்டில் என்ன சொல்வோமோ அதை எழுதுங்கள். பாட்டி என்பதை அப்பத்தா அல்லது ஆயா என்று மாற்றுவதற்கு ஒரு வினாடிகூடக் கூடுதலாகாது. ஆனால் வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருந்தால் அப்பச்சி, ஆத்தா என்று நகரத்தார் வீட்டு முறைகளையே படம் முழுக்க ஓட்டாதீர்கள். ஒரு குடும்பம் அப்படிப் பேசட்டும், அடுத்த வீடு வேறு மாதிரி அழைக்கட்டும். கெட்டவனுக்கும் நல்லவனுக்கும் ஒரே வட்டாரப் பேச்சு இருக்கட்டும்.

நாட்டுக்கோட்டை வீட்டு வளவில் குரல் பதிவு செய்ய ஆசைப்படாதீர்கள். வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடித் தரைக்கல்லும் ஒலியைத் திருப்பி அடிக்கும். எதிரொலியைப் பிறகு எடுக்க முடியாது. மெத்தை, தலையணை, துணி மூட்டை நிறைந்த சிறிய அறைதான் பதிவுக்கு ஏற்றது.

ஸ்டூடியோவில் செய்யச் சொல்வது

பணம் இருக்கிற சங்கத்துக்கு இது வழி. ஸ்டூடியோக்கள் நிமிடக் கணக்கிலோ வினாடிக் கணக்கிலோ விலை சொல்வார்கள். விலையைவிட முக்கியம், எந்தக் கட்டத்தில் உங்களுக்குப் பார்க்கக் கொடுப்பார்கள் என்பது. பாத்திரங்கள் எல்லாம் ஒன்றாக நிற்கும் வரிசைப் படம் வந்ததும் திருத்தங்களைச் சொல்லி முடித்துவிட வேண்டும். அடுத்து, அசையாத படங்களைக் குரலோடு கோத்த முன்னோட்டம். இந்த இரண்டும் கடந்தபின் 'கொஞ்சம் கறுப்பா வச்சிருக்கலாமே' என்றால் கூடுதல் காசுதான். வரிசைப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் ஒரு நகல் எடுத்துப் பாருங்கள். எல்லா முகமும் ஒரே முகமாகத் தெரிந்தால், கணினியில் ஒரே தலைக்கு முடியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

'செட்டிநாடு' என்று சொன்னால் தூண் வைத்த அரண்மனை வீடு, ஆத்தங்குடித் தரை, கண்டாங்கிச் சேலை கட்டிய ஆச்சி என்று வரைந்து அனுப்புவார்கள். தவறில்லை, ஆனால் அது ஊரில் ஒரு தெரு. அய்யனாருக்குப் புரவி செய்யும் வேளார், கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடையும் பெண்கள், தறிக்காரர், கல்தச்சர், கண்மாய்ப் பாசன விவசாயி, ஓட்டு வீடு, லைன் வீடு இவையெல்லாம் நீங்கள் படம் எடுத்து அனுப்பினால்தான் வரும். ஐம்பது புகைப்படமாவது அனுப்புங்கள்.

ஒப்பந்தத்தில் கவனிக்க: பணம் கொடுத்துச் செய்யச் சொன்னவரே படத்துக்கு முதல் உரிமையாளர் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை. கதை வசனமும் இசையும் தனிப் படைப்புகள். அவற்றை எழுத்தில் மாற்றி வாங்க வேண்டும். அப்படி வாங்கும் தாளில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19ஆம் பிரிவு வைத்துக்கொள்ளும். சிங்கப்பூர், பினாங்கு உறவினர்களுக்கும் போட்டுக்காட்டும் எண்ணம் இருந்தால் 'உலகம் முழுவதும்' என்ற சொல் தாளில் இருக்க வேண்டும். படத்தோடு பாத்திரங்களின் மூலக் கோப்புகளையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த கதைக்கு அதே ஊராரைப் பயன்படுத்தலாம்.

செயற்கை நுண்ணறிவில் படம் உருவாக்குவதைப் பற்றியும் கேட்கிறார்கள். விரைவாக வரும், அதில் ஐயமில்லை. சொல்லாமல் விட்டால் சிவந்த மேனியும் உடற்பயிற்சிக் கூடத்து மார்பும் தரும்; காட்சிக்குக் காட்சி முகம் மாறும்; விரல் எண்ணிக்கை, பூணூல் தோள், திருநீற்றுக் கோடு எல்லாம் தடுமாறும். பின்னணிக் காட்சிக்கு வைத்துக்கொள்ளலாம். பாத்திரத்துக்கு வேண்டாம்.

நாமே எடுப்பது: அட்டைப் பொம்மை

எங்கள் கணிப்பில், முப்பது நாற்பது பிள்ளைகள் வரும் வகுப்புக்கு இதுவே சிறந்தது. நான்கு நிமிடப் படம். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். உருவம், நிறம், பேச்சு, கூட்டம் எல்லாம் உங்கள் கையில் இருப்பது இந்த ஒரு வழியில்தான்.

கணக்கு இப்படி. வினாடிக்கு 8 படம் என்றால் நான்கு நிமிடத்துக்கு 1,920 படம். பயப்பட வேண்டாம், பாதிக்கு மேற்பட்ட நேரம் ஒரே நிலையை நிறுத்திக் குரலை ஓட்டலாம், ஆகவே உண்மையில் எடுப்பது 700, 800தான். சராசரி 8 வினாடி நீளத்தில் 30 காட்சி. குரலுக்குச் சுமார் 250 சொல் போதும். மீதி இசைக்கும் மௌனத்துக்கும். எழுதி வந்தவர்கள் 600 சொல் வைத்திருப்பார்கள், வெட்டுங்கள்.

பின்னணி ஏ3 தாள், 42 செ.மீ. அகலம். அகலத்திரைச் சட்டத்தில் அதன் உயரத்தில் 23.6 செ.மீ. மட்டுமே தெரியும் என்பதால் பொம்மை 15 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. கனமான (300 ஜி.எஸ்.எம்.) அட்டையில் தலை, உடல், மேல்கை, முன்கை, தொடை, கால் தனித்தனியாக வெட்டிப் பின்பக்கம் நூல் முடிச்சால் கோர்க்க வேண்டும். முடிச்சு இறுகினால் கை அசையாது, தளர்ந்தால் தானாக விழும். முடிச்சுக்கடியில் சிறு வட்ட அட்டை ஒன்று வைத்தால் இரண்டும் நேராது.

ஃபோனை மேலிருந்து கீழ்நோக்கித் தாங்கியில் பொருத்தி வெளிச்ச அளவையும் வெண்மைச் சமநிலையையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் கறுத்த பொம்மை சட்டத்துக்குள் வரும்போது கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும், படம் துடிக்கும். முக அழகு வசதியை அணைக்க வேண்டும். நீங்கள் பார்த்துப் பார்த்துத் தீட்டிய நிறத்தை அது வெளுத்துவிடும். வளவு வெளிச்சம் அழகுதான், ஆனால் மேகம் நகர்ந்தால் காட்சி நடுவில் பொழுது மாறும். சன்னல் சாத்திய அறை, இரண்டு எல்.இ.டி. விளக்கு இருபுறமும் 45 பாகையில், மின்விசிறி நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறம் தீட்டுவதில்தான் பெரும்பாலோர் தடுக்கி விழுவார்கள். கரிய மேனிக்குக் கறுப்பு வண்ணம் சேர்த்தால் சாம்பல் பூத்துவிடும். பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பில் அல்ட்ராமரீன் நீலம் சிறிது கலந்தால் உயிருள்ள கருமை வரும். மஞ்சள் காவியும் வெள்ளையும் அளவு மாற்றிச் சேர்த்து இன்னும் மூன்று, ஆக நான்கு மேனி நிறம் கலந்து டப்பாவில் மூடிவைத்துக்கொள்ளுங்கள். கரிய முகத்துக்குக் கறுப்புக் கோட்டில் கண்மூக்கு வரைந்தால் புரொஜெக்டரில் ஒன்றும் தெரியாது. மேனியைவிட வெளிர்ந்த காவிக் கோட்டால் வரையுங்கள். கண் வெள்ளையைப் பெரிதாக்கி ஈடுகட்டுவது கேலிப்படமாக முடியும். பின்னணி சுண்ணாம்புச் சுவர் நிறம், வைக்கோல் நிறம் என்று வெளிறியிருந்தால் எல்லா மேனியும் எடுப்பாகத் தெரியும். வண்ணம் காய்ந்ததும் அதே மண்டபத்தில், அதே புரொஜெக்டரில் ஒரு படம் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதைத் தீட்டுங்கள்.

யாருக்கு எந்த நிறம் என்பதைக் கைக்கு விடாதீர்கள், பழக்கம் வந்துவிடும். பாட்டு நிறம் சொல்லாத எல்லா மனிதப் பாத்திரத்துக்கும் திருவுளச்சீட்டு எடுங்கள். பிள்ளைகளே எடுக்கட்டும். அமைச்சர் கரியவராகவும் திருடன் சிவந்தவனாகவும் வந்து விழுந்தால் அப்படியே இருக்கட்டும்.

இன்னொரு குழி: பொம்மையைத் திருப்புவது. வலப்பக்கம் நடந்தவர் இடப்பக்கம் நடக்கக் கணினியில் படத்தைக் கண்ணாடிபோல் புரட்டிவிடுவார்கள். பிள்ளையார்பட்டி வலம்புரிப் பிள்ளையார் இடம்புரி ஆகிவிடுவார். பூணூலும் சேலை முந்தானையும் தோள் மாறும். தூக்கிய திருவடி மாறும். மதுரை வெள்ளியம்பலத்தில் கால் மாறி ஆடியவருக்கு மட்டுமே அது பொருந்தும். சாமிக்கும் முக்கியப் பாத்திரத்துக்கும் இரு பக்கப் பொம்மை தனித்தனியாகச் செய்துவிடுங்கள்.

மனித உருவமே வேண்டாம், விலங்கும் பொருளும் பேசட்டும் என்று ஒரு யோசனை எப்போதும் வரும். அமெரிக்காவில் 1993இல் வந்த 'வெஜிடேல்ஸ்' காய்கறிகளை வைத்தே விவிலியக் கதை சொன்னது. இயேசுவை மட்டும் காய்கறியாக்குவதில்லை என்று விதி வைத்துக்கொண்டார்கள். நம் பக்கம் மண் புரவி ஒன்று கதை சொல்வதாக வைக்கலாம், அழகாக இருக்கும். ஆனால் காக்கை திருடன், அன்னம் நல்லது என்று போனால் பழைய அச்சு இறகோடு திரும்பி வந்துவிடும். இறைத்தூதர்களை உருவமாகக் காட்டக் கூடாத இசுலாமியக் கதைகளுக்கு வேறு உத்தி உண்டு: 2002இல் ரிச்சர்ட் ரிச் இயக்கிய நபிகள் வரலாற்று அனிமேஷனில் அவர் திரையில் வருவதில்லை, கேமரா அவர் பார்வையாக நகரும். அட்டைப் பொம்மையில் இது எளிது. எதிரில் நிற்பவர்கள் நம்மைப் பார்த்துப் பேசுவார்கள், அவ்வளவுதான். மக்தப் ஆசிரியரிடம் கதை வரைவைக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகு தொடங்குங்கள்.

எந்தக் கதை

பெரியபுராணமே பலவகை மனிதர்களின் தொகுப்பு. திருநீலகண்டர் குயவர், அதிபத்தர் மீனவர், திருக்குறிப்புத்தொண்டர் சலவைத் தொழிலாளி, கலியர் எண்ணெய் வணிகர், நேசர் நெசவாளர். இத்தனை பேர் இருக்க, படம் எடுப்பவர்கள் திரும்பத் திரும்ப நான்கைந்து கதையையே எடுக்கிறார்கள்.

நந்தனார் கதையை எடுப்பவர்கள் எந்த வடிவம் என்று முதலில் தெளிய வேண்டும். கொடுமைக்கார வேதியர் சேக்கிழாரிடம் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனையில் வந்தவர். தீயில் புகுந்து முனிவராக எழுவது சேக்கிழாரிடமே உள்ளது. பெரும்பாலான படங்களில் கறுப்பாகப் புகுந்தவர் வெளுப்பாக வெளியே வருகிறார். அந்தக் கதையைத் தன் வீட்டுக் கதையாகக் கேட்கும் பிள்ளை வகுப்பில் இருக்கும். முகமும் நிறமும் முன்னும் பின்னும் ஒன்றாகவே இருக்கட்டும். ஒன்பது வயதுக்குக் கீழே உள்ள வகுப்புக்கு இந்தக் கதையே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம். கேள்வி வரும், பதில் சொல்ல ஆசிரியர் தயாராக இருக்க வேண்டும்.

தண்டியடிகள் கதை நான்கு நிமிடத்துக்கு அளந்து தைத்தது. பார்வையில்லாதவர் திருவாரூர்க் குளத்தைத் தோண்டுகிறார். குளத்துக்குள் ஒரு கம்பம், கரையில் ஒரு கம்பம், நடுவே கயிறு; கயிற்றைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்து கரையேறுகிறார். இதைக் காட்ட இரண்டு குச்சியும் ஒரு நூலும் போதும். இந்த வேலையை இரண்டரை நிமிடம் நிதானமாகக் காட்டுங்கள். எல்லாரும் கடைசியில் கண் கிடைப்பதற்கு ஓடுகிறார்கள். பார்வைக் குறையுள்ள பிள்ளை வகுப்பில் இருந்தால் அதற்குக் கிடைக்கும் செய்தி, நீ சரியாகவில்லையே என்பதுதான். கதையில் அவரைக் கேலி செய்யும் சமணர்களை மொட்டைத் தலைக் கும்பலாகப் பற்கடிக்க வைப்பதும் வழக்கம். அடுத்த மாதம் அதே பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்குச் சுற்றுலா அழைத்துப்போய்ச் சமணர் குகை ஓவியத்தைக் காட்டுவீர்கள். கேலி செய்த சிலர் என்று வைத்தால் கதை குறைவதில்லை.

காரைக்கால் அம்மையாரைக் கடைசி வரை இளம்பெண்ணாகவே வரைந்துவிடுகிறார்கள், பேயுரு பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்று. எலும்பு தெரியத் தாளம் போட்டு உட்கார்ந்திருக்கும் செப்புத் திருமேனியைப் பார்த்து எந்தப் பிள்ளையும் அலறுவதில்லை. திடீர் வெட்டும் உறுமும் இசையும்தான் பயமுறுத்துகின்றன. வணிகர் வீட்டுப் பெண், தன் அழகை வேண்டாம் என்றவர். அந்த உருவத்தை எடுத்துவிட்டால் மாம்பழம் மட்டும் மிஞ்சும்.

வேடர் கண்ணப்பருக்கு மயில்முருந்தும் (இறகின் அடிக்குருத்தும்) குன்றிமணியும் சேக்கிழார் சூட்டியவை. முகத்தில் போர் வண்ணம் பூசி 'ஊ ஊ' என்று கத்தும் கூட்டம் மேல்நாட்டுப் படத்திலிருந்து வந்தது.

உள்ளூர்க் கதை வேண்டுமானால் திருக்கோஷ்டியூர். திருப்பத்தூரிலிருந்து சிவகங்கை போகும் சாலையில் இருக்கிறது, பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். பதினெட்டு முறை நடந்து வந்து திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரம் பெற்ற இராமானுசர், கோபுரத்தின் மேலேறி எல்லாருக்கும் சொன்னார் என்பது வழிவழி வந்த கதை. இதில் நாயகர் கீழே நிற்கும் கூட்டம்தான். ஒரே உருவத்தை நாற்பது முறை ஒட்டினால் 'எல்லாருக்கும்' என்ற சொல் பொய்யாகிவிடும். பன்னிரண்டு உடல் செய்யுங்கள்: குழந்தையைத் தூக்கிய தாய், கோலூன்றிய கிழவர், தலைச்சுமைக்காரி, மாடு மேய்ப்பவர், ஒரு காலில்லாதவர், கைம்பெண், அர்ச்சகர் என்று. தலையைத் தனியாகச் செய்தால் மாற்றி மாற்றி வைத்து அறுபது பேராக்கலாம். நிற்கும் வரிசையில் சாதிவாரியாகக் கூட்டம் கூட்டமாகப் பிரியாமல் கலந்து நிற்க வேண்டும். நிறுத்துகிறவர் கவனிக்காவிட்டால் உடுப்பு ஒத்தவர்கள் தாமாகவே ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார்கள்.

பங்கு வகுப்புக்கு 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட போர்த்துகீசியக் குரு அருளானந்தர் கதை அருகில் இருக்கிறது. அவரைக் கறுப்பு அங்கியில் வரையாதீர்கள்; காவி உடுத்திப் பண்டார சாமியாக வாழ்ந்தவர். அவர் போதனையைக் கேட்ட மறவர் தலைவர் தடியத்தேவர் மனந்திரும்பி ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் இராமநாதபுரம் அரசர் சேதுபதியின் குடும்பத்துப் பெண்ணும் உண்டு, பகை அங்கே மூண்டது. அந்தப் பெண்ணுக்கு ஒரு வரியாவது நியாயமாகப் பேசக் கொடுங்கள். சேதுபதியை அசுர அச்சில் வரைந்தால், அந்த மரபைத் தம்முடையதாக நினைக்கும் வீட்டுப் பிள்ளைகள் அதே பெஞ்சில் இருப்பார்கள்.

யாருக்கு எது

வகுப்புக்குப் பத்து நாள்தான் இருக்கிறது என்றால் படம் எடுக்க நினைக்க வேண்டாம். மூன்று முறை பார்த்துத் தேறிய ஒரு படத்துக்கு அனுமதி வாங்குங்கள், குறை உள்ள இடத்தில் நிறுத்திப் பேசுங்கள். ஆறு வாரம் இருந்தால் அட்டைப் பொம்மை: முதல் வாரம் கதையும் 250 சொல்லும், இரண்டாம் வாரம் குரல் பதிவு, அடுத்த இரண்டு வாரம் பொம்மையும் பின்னணியும், ஐந்தாம் வாரம் படப்பிடிப்பு, ஆறாம் வாரம் படங்களைக் கோர்ப்பது. குரலை முதலில் பதிந்துவிட வேண்டும். படத்தை எடுத்துவிட்டுக் குரலைப் பொருத்தப் போனால் காட்சி பாதி திரும்ப எடுக்க நேரும். கோர்ப்பதற்குக் கேடென்லைவ் போன்ற இலவச மென்பொருள் போதும்.

ஆண்டுதோறும் வகுப்பு நடத்தும் சங்கங்கள் பல ஊர் சேர்ந்து ஸ்டூடியோவுக்குப் போகலாம். அப்போதும் முதல் ஆண்டு ஓர் அட்டைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் போனால் ஸ்டூடியோவில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்கும். டப்பிங், தனி ட்ராக் கையில் வந்தவர்களுக்கு மட்டும்.

படம் முடிந்ததும் ஊராருக்குக் காட்டும் முன் ஐந்தாறு பிள்ளைகளுக்குத் தனியாகப் போட்டு, 'இதில் உன்னைப்போல் யார் இருக்கிறார்கள்?' என்று மட்டும் கேளுங்கள். கை நீட்ட ஆள் கிடைக்காத பிள்ளை ஒன்று இருந்தால் கூட்டக் காட்சிக்கு இன்னொரு பொம்மை செய்து, அந்த எட்டு வினாடியை மறுபடி எடுத்துவிடலாம். ஒரு மாலை வேலைதான்.